பொட்டாசியம் இல்லாத தீனி, பெருத்த சிறுநீரகம், இயல்பான கிரியாட்டினின்: எலி ஆய்வில் எதை நம்புவது?

மூன்று வாரம் பொட்டாசியம் இல்லாத தீனி தின்ற எலிகளுக்குச் சிறுநீர் மூன்று மடங்கு போகிறது, சிறுநீரகத்தின் எடை கூடியிருக்கிறது, ஆனால் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) கன்ட்ரோல் குழுவை, அதாவது பொட்டாசியம் குறைக்காத ஒப்பீட்டுக் குழுவைப் போலவே இருக்கிறது. இதைச் ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கன்ட்ரோல் எலிகளுக்கு வழக்கமான பெல்லட் தீனிதான் கொடுத்தோம் என்றும் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பது வேறு ஒரு கேள்வி: பொட்டாசியக் குறைவு சிறுநீரகத்தின் எந்த வேலையை முதலில் கெடுக்கிறது, அதை எந்த அளவீட்டில் பிடிப்பது? அதற்குப் பதில் சொன்னால் உங்கள் கேள்விக்கும் பதில் வந்துவிடும். சுருக்கமாக இப்போதே சொல்லிவிடுகிறேன்: செயலிழப்பு என்று எழுதாதீர்கள். பாதிப்பு இல்லை என்றும் எழுதாதீர்கள். மூன்று வாரத்தில் கெடுவது பெரும்பாலும் நுண்குழல்களின் (வடிகட்டிய திரவத்திலிருந்து நீரையும் உப்பையும் மீட்கும் குழாய்களின்) வேலை; வடிகட்டும் வேலை அல்ல. கிரியாட்டினின் வடிகட்டலைப் பற்றி மட்டுமே பேசும், அதையும் இந்த எலிகளில் சரியாகப் பேசாது.

பொட்டாசியம் இல்லாத தீனி எலியின் சிறுநீரகத்தில் சிதைவு உண்டாக்கும் என்பது பழைய செய்தி. 1937லேயே பொட்டாசியக் குறைவின் அறிகுறிகளையும் திசு மாற்றங்களையும் எலியில் விவரித்துவிட்டார்கள். 1942ல் ஃபாலிஸ், ஒரென்ட்-கெய்லெஸ், மெக்காலம் மூவரும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் ஏற்படும் சிதைவுகளைச் சேர்த்துக் காட்டினார்கள். 1957ல் ஜீன் ஆலிவர் குழுவினர் நுண்குழல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, சிதைவு எந்த இடத்தில் உட்காருகிறது என்பதைத் தெளிவாக்கினார்கள். எலியில் அந்த இடம் சேகரிப்பு நாளம் (நுண்குழல்கள் வந்து சேரும் கடைசிக் குழாய்), அதிலும் முக்கியமாகச் சிறுநீரகத்தின் உள்பகுதியான அகணியில் இருக்கும் பகுதி. அங்குள்ள செல்கள் வீங்கிப் பெருகுகின்றன. உள் அகணிச் செல்களுக்குள் பி.ஏ.எஸ். சாயம் ஏற்கும் துளிகள் நிறைகின்றன, அவை லைசோசோம்கள், செல்லின் கழிவை உடைக்கும் பைகள். மனிதரில் பார்ப்பது வேறு: அண்மைச் சுருள் நுண்குழல் செல்களில் வெற்றிடக் குமிழ்கள். உங்கள் ஸ்லைடில் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியை மட்டும் வெட்டிப் பார்த்துவிட்டு ‘மாற்றமில்லை’ என்று எழுதியிருந்தால், மாற்றம் இருக்கும் இடத்தை நீங்கள் பார்க்கவே இல்லை. சிறுநீரகத்தை நீளவாக்கில், அகணியின் கூம்பு முனையான பாப்பில்லாவின் நுனி வரை வருமாறு வெட்ட வேண்டும். பாப்பில்லா ஓரமாகத் தப்பிப்போன வெட்டு இந்த ஆய்வுக்குப் பயன்படாது.

சிறுநீர் அதிகமாகப் போவதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. குழப்பமும் இங்கேதான் வருகிறது. முதலில் தாகம் கூடுகிறது. எலி அதிகம் குடிப்பதால் அதிகம் கழிக்கிறது. பிறகு சிறுநீரகமே நீரைப் பிடித்து வைக்கும் திறனை இழக்கிறது. 1977ல் பெர்ல் குழுவினர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள்: பொட்டாசியம் குறைந்த எலிகளுக்குக் கன்ட்ரோல் எலிகள் குடிக்கும் அளவே தண்ணீர் கொடுத்தபோது சிறுநீர் அளவு குறைந்தது, ஆனால் சிறுநீரை உச்ச அளவுக்குச் செறிவாக்கும் திறன் திரும்பவில்லை. ஆகவே ‘மூன்று மடங்கு சிறுநீர்’ என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு சிறுநீரகம் பழுது என்று சொல்ல முடியாது. அதில் எவ்வளவு தாகத்தின் பங்கு, எவ்வளவு செறிவாக்கும் குறையின் பங்கு என்று தனியாகச் சோதித்தாக வேண்டும்.

செறிவாக்கும் குறைக்கு உறுதியான ஒரு விளக்கம் 1996ல் வந்தது. சேகரிப்பு நாளச் செல்களில் நீர் புகும் வாயில் அக்வாபோரின்-2 என்ற புரதம். பதினோரு நாள் பொட்டாசியம் குறைந்த தீனி தின்ற எலிகளின் உள் அகணியில் இந்தப் புரதம் கன்ட்ரோல் அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. பொட்டாசியத்தைத் திருப்பிக் கொடுத்து ஒரு வாரம் விட்டபோது புரதமும் சிறுநீர் அளவும் இயல்புக்கு வந்தன. நீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோனான வாசோபிரஸ்ஸின் ரத்தத்தில் இருந்தபோதிலும் சேகரிப்பு நாளம் அதற்குச் சரியாகப் பணியாததால் இதை வாசோபிரஸ்ஸினுக்கு மசியாத வகை நீரிழிவு என்கிறோம். சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. செல் தன் அக்வாபோரின்-2ஐத் தானே உடைத்து அழிக்கிறது, அந்த அழிப்பு பொட்டாசியம் நின்ற முதல் சில நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. இது தவிர, நுண்குழலின் ஒரு பகுதியான ஹென்லி வளைவின் தடித்த ஏறு பகுதியில் உப்பை உள்ளிழுக்கும் புரதமும், யூரியாவைக் கடத்தும் புரதங்களும் குறைகின்றன. அதனால் அகணியில் உப்பும் யூரியாவும் சேர்ந்து உண்டாக்கும் செறிவுச் சரிவே தளர்கிறது. வாயில்கள் குறைந்ததோடு, நீரை வெளியே இழுக்கும் விசையும் குறைகிறது. திசுக்களே சுரக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளின் மிகுதிதான் மூலகாரணம் என்று ஒரு காலத்தில் வலுவாகச் சொன்னார்கள். அதைத் தடுக்கும் மருந்து கொடுத்தும் குறை முழுதாகச் சரியாகவில்லை என்பதால் அந்த வாதத்தை நான் முதன்மையாக வைக்க மாட்டேன்.

இதைச் சோதிக்கும் முறை எளிது, ஆனால் ஆபத்து உண்டு. நல்ல எலி தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் இருந்தால் சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி (கரைந்த துகள்களின் செறிவு) கிலோவுக்கு 2000 மில்லிஆஸ்மோலைத் தாண்டும். பொட்டாசியம் குறைந்த எலி அந்த உயரத்தை எட்டாது. பாட்டிலை எடுத்தவுடன் எடை பாருங்கள். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். இந்த எலிகள் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாதவை என்பதால் இரவு முழுக்கக் கவனிக்காமல் விட்டால் காலையில் ரத்த ஓட்டம் குன்றிய விலங்குகளைத்தான் பார்ப்பீர்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சோதனையை அங்கேயே நிறுத்துவதாக விலங்கு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். சிறுநீரின் செறிவு மேலே ஏறாமல் நின்ற பிறகு வாசோபிரஸ்ஸின் போலவே வேலை செய்யும் டெஸ்மோபிரஸ்ஸின் ஊசி போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் ஏறவில்லை என்றால் குறை சிறுநீரகத்தில்தான்.

அடுத்து எடை. பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகம் உண்மையிலேயே பெருக்கிறது, குறிப்பாக வெளி அகணியின் உள்பட்டை. இது வீக்க நீர் மட்டும் அல்ல; செல்கள் பெரிதாவதும் எண்ணிக்கையில் கூடுவதும் சேர்ந்தது. ஆனால் நீங்கள் கொடுத்திருப்பது உடல் எடையில் நூறு கிராமுக்கு இத்தனை என்ற விகிதம். வளரும் எலிக்குப் பொட்டாசியத்தை நிறுத்தினால் அது சரியாகத் தின்னாது, வளராது. பகுதி எண் சுருங்கினால் விகிதம் தானாகவே பெருக்கும். ஆகவே சிறுநீரகத்தின் நேரடி எடையையும் கொடுங்கள். இன்னும் நல்லது, கால் முன்னெலும்பின் நீளத்தால் வகுத்த எடை. எலும்பு தற்காலிகமாகச் சுருங்காது. இவற்றுக்கு மேலாக, இணைத் தீனிக் குழு ஒன்று தேவை: குறைபாட்டுக் குழுவின் எலி நேற்று எத்தனை கிராம் தின்றதோ அத்தனை கிராம் மட்டும் இன்று கன்ட்ரோல் எலிக்கு. இது இல்லாமல் உங்கள் முடிவுகளில் பாதி பட்டினியின் விளைவா, பொட்டாசியத்தின் விளைவா என்று எந்தத் தேர்வாளரும் கேட்பார். குறைவாகத் தின்னும் எலி குறைவான புரதம் தின்கிறது. குறைவான யூரியா உண்டாகிறது. யூரியா குறைந்தால் செறிவாக்கும் உச்சமும் தாழும். பட்டினி ஒன்றே ஆஸ்மோலாலிட்டியைக் கீழே இழுக்கும்.

அமில, கார விஷயத்தில் நிச்சயமானதையும் ஐயமானதையும் கவனமாகப் பிரிக்க வேண்டும். பொட்டாசியம் குறைந்தால் அண்மை நுண்குழல் செல்லுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது, செல் குளுட்டமினை உடைத்து அம்மோனியாவை அதிகம் உண்டாக்குகிறது, சிட்ரேட்டைச் சிறுநீரிலிருந்து மீட்டு எடுத்துக்கொள்கிறது. ஆகவே சிறுநீரில் அம்மோனியம் கூடும், சிட்ரேட் குறையும். இதில் சந்தேகமே இல்லை. ரத்தத்தில் என்ன ஆகும் என்பது விலங்கைப் பொறுத்தது: எலி காரப் பக்கம் சாயும், நாய் லேசான அமிலப் பக்கம் சாயும். ஒன்றின் முடிவை மற்றதுக்கு மாற்றி எழுதுவது பாடநூல்களில்கூட நடக்கும் தவறு. ‘அம்மோனியாவே நுண்குழலைக் கெடுக்கிறதா?’ என்பது அடுத்த கேள்வி. 1987ல் டோலின்ஸும் ஹோஸ்டெட்டர்களும் பொட்டாசியம் குறைந்த எலிகளுக்குப் பைகார்பனேட் கொடுத்து அம்மோனியா உற்பத்தியைக் குறைத்தபோது சிதைவும் குறைந்தது. அம்மோனியா, உடலின் எதிர்ப்பு வேலையில் பங்குபெறும் காம்ப்ளிமென்ட் புரதத்தைத் தூண்டுகிறது என்பது அவர்கள் விளக்கம். நல்ல சோதனைதான். ஆனால் அம்மோனியாவோடு, ரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின், எண்டோதீலின், இவற்றோடு வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அம்மோனியா ஒரு காரணம் என்று எழுதலாம், ஒரே காரணம் என்று எழுதக் கூடாது.

பொட்டாசியத்தைச் சேமிக்கும் வேலையில் எலியின் சிறுநீரகம் கெடுவதே இல்லை, சொல்லப்போனால் மேலும் திறமையாகிறது. இரண்டு மூன்று நாளிலேயே சிறுநீரில் பொட்டாசியம் மிகச் சிறிய அளவுக்கு இறங்கிவிடும். மனிதருக்கு இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அப்போதும் இழப்பு முழுதாக நிற்காது. எலியில் பொட்டாசியத்தை வெளியேற்றத் தூண்டும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் குறைகிறது, பொட்டாசியத்தை வெளியே விடும் வாயில்கள் மூடுகின்றன, சேகரிப்பு நாளத்தில் ஹைட்ரஜனைக் கொடுத்துப் பொட்டாசியத்தை வாங்கும் பம்பு பல மடங்கு கூடுகிறது. பம்பு கூடியதால் சேமிப்புக்கு அதுவே காரணம் என்று எழுதத் தோன்றும். அந்தப் பெருங்குடல் வகைப் பம்பின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை 1998ல் சோதித்தபோது, பொட்டாசியம் இல்லாத தீனியில் அவற்றின் சிறுநீரகம் நன்றாகவே சேமித்தது. இழப்பு நடந்தது மலத்தில். ஒரு புரதம் கூடியிருக்கிறது என்று வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) காட்டுவதற்கும், அந்த வேலையை அதுதான் செய்கிறது என்பதற்கும் உள்ள தூரத்தை இந்தச் சோதனை நன்றாகக் காட்டுகிறது. உங்கள் எலிகள் பொட்டாசியம் தின்னாமல் இருந்தும் சிறுநீரில் பொட்டாசியம் குறையவில்லை என்றால், உடம்பைச் சந்தேகிக்கும் முன் கூண்டைச் சந்தேகியுங்கள்: சிறுநீரில் வேறு ஏதாவது விழுந்திருக்கலாம்.

இப்போது உங்கள் கிரியாட்டினின். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. பொட்டாசியம் குறைந்த எலியின் தசை வளராது, சில சமயம் கரையும். வரவு குறைந்தால், வடிகட்டல் குறைந்திருந்தாலும் ரத்த அளவு இயல்பாகத் தெரியும். ஜாஃபே முறையில் (பிக்ரேட்டோடு சேர்த்து நிறத்தை அளக்கும் முறை) அளந்திருந்தால் கொறிவிலங்குகளின் ரத்தத்தில் கிரியாட்டினின் அல்லாத பொருட்களும் நிறம் கொடுத்து எண்ணை உயர்த்தும், சிறிய வித்தியாசம் அதில் மறைந்துவிடும். நொதி முறை தேவலை. வடிகட்டல் வீதத்தைப் பற்றி ஒரு வாக்கியமாவது எழுதப் போகிறீர்கள் என்றால் வடிகட்டலால் மட்டுமே வெளியேறும் ஒரு பொருளைச் செலுத்தி அளக்கும் இனுலின் கிளியரன்ஸ் அல்லது ஒளிரும் சாயம் இணைத்த சினிஸ்ட்ரின் முறைதான் நம்பகமானது. யூரியாவும் உதவாது, தீனி குறைந்தாலே அது மாறும். குறைவு கடுமையாகவும் நீண்டும் இருந்தால் சிறுநீரக ரத்த ஓட்டமும் வடிகட்டலும் குறையும் என்பது தெரிந்ததே. ரத்தக் குழாய்கள் இறுகுவதில் ஆஞ்சியோடென்சினுக்கும் துரோம்பாக்சேனுக்கும் பங்கு இருப்பதை எலியில் காட்டியிருக்கிறார்கள். உங்கள் எலிகளில் மூன்று வாரத்தில் அது நடந்ததா என்பதை உங்களிடம் இருக்கும் எண்களால் சொல்ல முடியாது.

பெல்லட் விஷயத்துக்கு வருகிறேன். கன்ட்ரோல் தீனி, குறைபாட்டுத் தீனியின் அதே அடிக்கலவையில், பொட்டாசியம் மட்டும் சேர்த்ததாக இருக்க வேண்டும். பெல்லட் தானியத்தாலும் பயறாலும் ஆனது, நார்ச்சத்து வேறு, புரதம் வேறு, அதன் சாம்பல் காரமானது. சுத்திகரித்த தீனி கேசினும் ஸ்டார்ச்சும் கொண்டது. உடம்பில் அமிலச் சுமை ஏற்றும். இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்தால் அம்மோனியா, சிட்ரேட், சிறுநீர் பி.எச். எதையும் பொட்டாசியத்தின் கணக்கில் எழுத முடியாது. எலியின் தேவை ஒரு கிலோ தீனிக்கு 3.6 கிராம் பொட்டாசியம், ஏ.ஐ.என்.-93 என்ற தரப்படுத்தப்பட்ட சுத்திகரித்த தீனியில் அந்த அளவுதான் இருக்கிறது. குறைபாட்டுத் தீனி என்று விற்பவை பொதுவாக 0.05 சதவீதத்துக்கும் கீழே. ஏ.ஐ.என்.-93இன் தாதுக் கலவையில் பொட்டாசியம் மூன்று உப்புகளாக வருகிறது: பாஸ்பேட், சிட்ரேட், சல்பேட். இவற்றை எடுத்துவிட்டுச் சம மோல் சோடிய உப்புகளைப் போட்டால் கிலோவுக்கு ஏறத்தாழ 92 மில்லிமோல் சோடியம் கூடும். அதாவது 1 கிராமாக இருந்த சோடியம் 3 கிராமைத் தாண்டும். அப்போது நீங்கள் செய்வது பொட்டாசியக் குறைவு ஆய்வு அல்ல, பொட்டாசியக் குறைவோடு உப்பு மிகுதியும் சேர்ந்த ஆய்வு. பாஸ்பேட்டைக் கால்சியம் உப்பாகக் கொடுத்து, அதற்கேற்பக் கால்சியம் கார்பனேட்டைக் குறைப்பது நல்லது. கன்ட்ரோலுக்குப் பொட்டாசியம் குளோரைடாகச் சேர்த்தால் கிலோவுக்கு 6.9 கிராம் உப்பு வேண்டும், அதோடு 3.3 கிராம் குளோரைடும் வரும். குறைபாட்டுக் குழுவில் குளோரைடு குறைந்தால் காரத்தன்மை அதனாலேயே வரும், ஆகவே குளோரைடையும் இரு பக்கமும் கணக்குப் பார்த்துச் சமன் செய்யுங்கள். தீனி வந்ததும் பையில் ஒட்டிய தாளை நம்பாமல், ஒரு கிராமைச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, ஃபிளேம் ஃபோட்டோமீட்டரில் பொட்டாசியத்தை நீங்களே பார்த்துவிடுங்கள்.

ரத்தம் எடுப்பதிலும் இந்த ஆய்வுகள் நிறையக் கெடுகின்றன. எலியின் சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் பிளாஸ்மாவைவிட இருபது மடங்குக்கு மேல். வாலை அழுத்திக் கசக்கி எடுத்த ரத்தத்தில் பிளாஸ்மா லேசாகச் சிவந்திருந்தால் அந்த எண்ணை எடுத்து எறியுங்கள், திருத்திக் கணக்கிடாதீர்கள். சீரம் வேண்டாம், பிளாஸ்மா எடுங்கள். ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் பொட்டாசியத்தை விடும், எலிக்குத் தட்டணுக்கள் மிக அதிகம். ஊதா மூடிக் குழாயில் இருப்பது பொட்டாசியத்தின் ஈ.டி.டி.ஏ. உப்பு, அதில் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியத்தை அளக்கக் கூடாது. லித்தியம் ஹெப்பாரின் குழாய் சரி. மூன்று வாரம் சரியாக நடந்திருந்தால் பிளாஸ்மா பொட்டாசியம் லிட்டருக்கு 2 மில்லிமோலை ஒட்டி இறங்கியிருக்க வேண்டும். உண்மையான இருப்பைக் காட்டுவது தசைதான், ஒரு துண்டு தொடைத் தசையை உறையவைத்து வைத்தால் பிறகும் அளக்கலாம். தசை கரைந்திருந்தால் அதிலிருந்து வெளிவரும் மையோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் தனியாக நுண்குழலைக் கெடுக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்: சிறுநீர் டிப்ஸ்டிக்கில் ரத்தம் என்று காட்டியும் மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு இல்லை என்றால் அதுதான். அம்மோனியம் அளக்கும் சிறுநீரை மினரல் எண்ணெய்க்கு அடியில், தைமால் சேர்த்துச் சேகரியுங்கள். இல்லாவிட்டால் பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியாவைப் பெருக்கிவிடும்.

நீண்ட காலக் கேள்வியையும் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள்: இது திரும்புமா? சில வாரக் குறைவு திரும்பும். பன்னிரண்டு வாரம் போன்ற நீண்ட குறைவில் நுண்குழல்களுக்கு இடையே அழற்சிச் செல்கள் நுழைகின்றன, நார்த்திசு படிகிறது. அந்தத் தழும்பு பொட்டாசியம் கொடுத்தாலும் முழுதாக மறைவதில்லை. பிறகு உப்பு அதிகம் கொடுத்தால் அந்த எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. குறைவு நடந்துகொண்டிருக்கும்போதே அழுத்தம் ஏறுமா, இறங்குமா என்பதில் முடிவுகள் ஒத்துப்போவதில்லை. தீனியில் இருந்த சோடியமும் எலி இனமும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பது என் கணிப்பு. மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதற்கும் இதே எச்சரிக்கை. நீண்ட நாள் பேதி மருந்து எடுப்பவர்களிடமும் ஆல்டோஸ்டிரோன் மிகுந்தவர்களிடமும் இதையொத்த சிறுநீரகப் பாதிப்பு உண்டு. ஆனால் அவர்களிடம் நீரிழப்பும் பிற ஹார்மோன் மாற்றங்களும் கூடவே இருக்கின்றன. பூனைகளில், பொட்டாசியம் குறைந்து அமிலத்தன்மை கூடிய தீனி நீண்ட நாள் கொடுத்தபோது நாட்பட்ட சிறுநீரக நோய் வந்தது பதிவாகியிருக்கிறது. அங்கும் அமிலத்தின் பங்கைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை.

ஆய்வேட்டில் ‘பொட்டாசியக் குறைவு சார்ந்த நுண்குழல் பாதிப்பு, சிறுநீர் செறிவாக்கும் திறன் குறைந்ததற்கான அறிகுறிகளுடன்’ என்று எழுதுங்கள், கன்ட்ரோல் தீனி வேறு என்பதை முறைகள் பகுதியில் ஒளிக்காமல் சொல்லுங்கள். எலிகளில் சில இன்னும் உயிரோடு இருந்தால் பாதியை அதே அடிக்கலவையில் பொட்டாசியம் சேர்த்த தீனிக்கு மாற்றி, ஏழு நாள் கழித்துத் தண்ணீர் நிறுத்தும் சோதனையை இரு பாதிக்கும் செய்யுங்கள். அந்த ஒப்பீட்டில் பெல்லட் குறுக்கே வராது. பொட்டாசியத்தைக் குடிநீரில் கலந்து கொடுக்காதீர்கள். தாகம் மிகுந்த எலி 60 மில்லி குடிக்கும், தேறிய எலி 30 மில்லி குடிக்கும், லிட்டருக்கு 30 மில்லிமோல் கரைசலில் ஒன்றுக்கு 1.8 மில்லிமோலும் மற்றதுக்கு 0.9 மில்லிமோலும் போய்ச் சேரும். தீனியில் கலந்தால் தின்ற கிராமை எடைபோட்டு, உள்ளே போனது எவ்வளவு என்று ஒவ்வொரு எலிக்கும் எழுதிவிடலாம்.